பொம்மைப் படையின் தளபதி

ஒரு பெரிய மனிதர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் ஒரு நூல். அந்த நூலை நீட்டி எதையோ கவனமாக அளக்கிறார்.

அவரைச் சுற்றிலும் பொம்மைச் சிப்பாய்கள்! சிலர் துப்பாக்கி ஏந்தி நிற்கிறார்கள். சிலர் குதிரைமேல் இருக்கிறார்கள். இங்கே ஒரு மரவீடு. அங்கே ஒரு குட்டிப் பீரங்கி. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பெரிய மனிதர். அவரும் தரையில்தான் இருக்கிறார். இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அவ்வளவு மும்முரம்!

குழந்தைகள் விளையாட வேண்டிய பொம்மைகளை வைத்துக்கொண்டு பெரியவர்கள் ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறார்கள்?

நூலைப் பிடித்திருப்பவர் சாதாரண மனிதர் அல்ல. அவர்தான் உலகப் புகழ் பெற்ற ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். 1913-ம் ஆண்டில் அவருக்கு வயது 46. அவர் தரையில் விளையாடும் காட்சியை லண்டன் பத்திரிகை ஒன்று அந்த ஆண்டு படமாகவே வெளியிட்டது.

அடுத்த ஆண்டு உண்மையான போர் வந்தது. உலகமே தீப்பிடித்தது. பொம்மைப் போர் ஆடிய வெல்ஸ் அப்போது என்ன செய்தார்? அவரோடு ஆடிய நண்பர் என்ன ஆனார்? அதுதான் இந்தக் கதை.

கால் முறிந்தது, கண் திறந்தது

அந்த நாளில் லண்டன் நகருக்குப் பக்கத்தில் பிராம்லி என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே 1866-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி வெல்ஸ் பிறந்தார். தந்தை ஜோசப் பீங்கான் சாமான் கடை வைத்திருந்தார். கடையில் வியாபாரம் சரியாக நடக்கவில்லை. ஜோசப் நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரர். கிரிக்கெட்டில் கிடைத்த பணம்தான் குடும்பத்துக்குக் கை கொடுத்தது.

வெல்ஸுக்கு ஏழு வயதானபோது கால் முறிந்தது. பல வாரம் படுக்கையில் கிடந்தான் சிறுவன். பொழுது போகவேண்டுமே! புத்தகங்கள் வந்தன. ஒன்றை முடித்தால் இன்னொன்று. படிக்கும் பழக்கம் அப்போது ஒட்டிக்கொண்டது. கடைசிவரை விடவில்லை.

1877-ல் தந்தையின் காலும் முறிந்தது. கிரிக்கெட் போயிற்று. வருமானமும் போயிற்று. மூன்று ஆண்டு கழித்துத் தாய் சாரா, அப்பார்க் என்ற பெரிய மாளிகையில் வீட்டு நிர்வாகியாக வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். குடும்பம் சிதறியது.

அந்த நாட்களில் சிறுவன் வெல்ஸுக்கு ஒரு ரகசிய உலகம் இருந்தது. ஊரில் ஒரு குன்று உண்டு. அதன் வழியே அவன் தனியாக நடப்பான். பார்ப்பவர்களுக்கு அவன் ஒல்லியான ஓர் ஏழைப் பையன். ஆனால் அவன் மனத்திலே அவன் ஒரு பெரிய படைத்தளபதி! அந்தக் குன்றின் சரிவில் ஆயிரக்கணக்கான வீரர்களை நிறுத்துவான். பீரங்கிகளை முழங்கச் செய்வான். எதிரிகளை ஓட ஓட விரட்டுவான். பிறகு நல்ல பிள்ளையாக வீடு திரும்புவான்.

இந்த ரகசியத்தை அவர் பல ஆண்டுகள் யாரிடமும் வெளியிடவில்லை. வெகுகாலம் கழித்துத்தான் வெளியிட்டார். அதைப் பின்னால் பார்ப்போம்.

பதினேழு மைல் நடை

குடும்பம் நொடித்துவிட்டது. பையனைத் துணிக்கடையில் தொழில் பழக விட்டார்கள். 1881-ல் சவுத்ஸீ என்ற ஊரில் ஒரு பெரிய துணிக்கடையில் சேர்த்தார்கள். நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வேலை. இரவில் மற்ற பையன்களோடு ஒரே கூடத்தில் படுக்கை. மடிப்பது, அடுக்குவது, மறுபடி மடிப்பது. வெல்ஸுக்கு அது சிறைச்சாலையாகத் தோன்றியது.

இரண்டு ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். 1883-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார். தாய் வேலை பார்த்த மாளிகை பதினேழு மைல் தூரம். நடந்தே போனார். இனி அந்தக் கடையில் இருக்க முடியாது என்று தாயிடம் சொல்லிவிட்டார்.

தாய் கலங்கினார். ஆனால் பிள்ளை பிடிவாதமாக இருந்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவ ஆசிரியராக வேலை கிடைத்தது. பாடம் சொல்லிக்கொண்டே தானும் படித்தார். 1884-ல் லண்டன் விஞ்ஞானக் கல்லூரியில் படிக்க அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. வாரத்துக்கு ஒரு கினி. அதாவது 21 ஷில்லிங். அரை வயிற்றுச் சாப்பாடுதான். ஆனால் பாடம் சொன்னவர் தாமஸ் ஹக்ஸ்லி என்ற மாபெரும் விஞ்ஞானி!

பிறகு ஆசிரியர் வேலை. 1887-ல் கால்பந்து ஆட்டத்தில் ஒருவன் மோதியதில் அவருடைய சிறுநீரகம் அடிபட்டது. உடல் தேறப் பல காலம் ஆயிற்று. இனி ஓடியாடி உழைக்க முடியாது. உட்கார்ந்தபடி செய்கிற வேலை எது? பேனாவைக் கையில் எடுத்தார்.

1895-ல் ‘கால யந்திரம்’ என்ற நாவல் வெளிவந்தது. 1898-ல் செவ்வாய்க் கிரகத்துப் பிராணிகள் பூமியைத் தாக்கும் ‘உலகங்களின் போர்’ வந்தது. துணிக்கடைப் பையன் உலகப் புகழ் பெற்றார். கேதரின் என்ற பெண்ணை மணந்தார். 1901-லும் 1903-லும் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன.

பிள்ளைகள் பிறந்தால் வீட்டில் பொம்மைகள் வருமல்லவா? அங்கேதான் நம் கதை திரும்புகிறது.

நண்பர் சுட்ட குண்டு

லண்டனில் பிரிட்டன் என்ற குடும்பத்தார் பொம்மைச் சிப்பாய்கள் செய்து வந்தார்கள். 1893-ல் அவர்கள் ஒரு புதிய முறையைக் கண்டுபிடித்தார்கள். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்ற வேண்டியது. ஓரம் மட்டும் இறுகியதும் மீதியைச் சட்டென்று வெளியே கொட்டிவிட வேண்டியது. உள்ளே கூடு, வெளியே சிப்பாய்! ஈயம் மிச்சமானதால் விலையும் குறைந்தது. இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகமான உயரமுள்ள இந்தச் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்தார்கள்.

அவர்கள் ஒரு குட்டிப் பீரங்கியும் செய்தார்கள். அதற்குள் ஒரு சுருள்வில். ஓர் அங்குல நீளமுள்ள மரக்கட்டைதான் குண்டு. குறி தவறாமல் அடிக்கும். ஒன்பது கஜ தூரத்தில் நிற்கும் பொம்மையைப் பத்துக்கு ஒன்பது தடவை வீழ்த்தும் என்று வெல்ஸ் வியந்து எழுதியிருக்கிறார்.

ஒரு நாள் வெல்ஸ் தம் நண்பர் ஒருவரோடு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார். சிறுவன் விளையாடிய பொம்மைகள் அறை முழுவதும் இறைந்து கிடந்தன. பக்கத்து மேஜைமேல் நாலைந்து சிப்பாய்கள், ஒரு பீரங்கி. சாப்பாடு முடிந்தது. காப்பி இன்னும் வரவில்லை. நண்பர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டார். பீரங்கியைத் திருப்பிப் பார்த்தார். கட்டையைத் திணித்தார். குறி பார்த்தார். டப்! ஒரு சிப்பாய் கீழே விழுந்தான்.

நண்பருக்குப் பெருமை தாங்கவில்லை. என்னைப்போல் அடிக்க யாரால் முடியும் என்று சவால் விட்டார். வெல்ஸ் விடுவாரா? போட்டி ஆரம்பமாயிற்று.

அந்த நண்பரின் பெயரை வெல்ஸ் மூன்று எழுத்துக்களாக மட்டுமே குறித்தார்: ஜே. கே. ஜே. ‘படகில் மூவர்’ எழுதி உலகையே சிரிக்க வைத்த ஜெரோம் கே. ஜெரோம்தான் அவர்.

ஆட்டத்தின் சட்டம்

வெறுமே சுட்டு விளையாடுவது சலித்துப் போயிற்று. சிப்பாய்கள் நடந்தால் என்ன? ஒளிந்தால் என்ன? வெல்ஸ் யோசித்தார். கலைக்களஞ்சியத்தின் கனத்த புத்தகங்களைத் தரையில் அடுக்கினார். அவை மலைகள் ஆயின. மரத்துண்டுகள் வீடுகள் ஆயின. செடிக் கொப்புகள் காடு ஆயின. சாக்குக்கட்டியால் இழுத்த கோடு ஆறு ஆயிற்று.

வேறு நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆட ஆடச் சண்டை வந்தது. சண்டை வரவரச் சட்டம் பிறந்தது.

முதலில் காசு சுண்டுவார்கள். அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் போர்க்களத்தை அமைப்பார். ஆனால் எந்தப் பக்கம் நின்று போரிடுவது என்பதை மற்றவர்தான் முடிவு செய்வார். நம் ஊரில் அண்ணன் பங்கு பிரித்தால் தம்பிதான் முதலில் எடுப்பான் அல்லவா? அதே நியாயம்தான். தனக்குச் சாதகமாக ஒருவர் மலையை வைத்தால், அந்த மலை எதிரிக்குப் போய்விடும்!

பிறகு நடுவில் ஒரு திரை தொங்கும். இருவரும் மறைவாகப் படையை நிறுத்துவார்கள். திரை விலகும். போர் தொடங்கும்.

ஒரு முறைக்குக் காலாட்படை ஓர் அடி நகரலாம். குதிரைப்படை இரண்டு அடி போகலாம். அதற்குத்தான் அந்த அளவு நூல்! பீரங்கி நகரலாம், அல்லது நாலு குண்டு சுடலாம். இரண்டும் கூடாது. பீரங்கியின் பக்கத்தில் ஆறு அங்குலத்துக்குள் நாலு சிப்பாய்களாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஊமைதான். இரு படைகளும் கைகலந்தால், ஒருவனுக்கு ஒருவன் என்று கணக்குப் பார்த்து எடுத்துவிட வேண்டும். தனியாக மாட்டிக்கொண்ட சிறு கூட்டம் கைதியாகும்.

தாயக்கட்டை கிடையாது. அதிர்ஷ்டத்துக்கு இடம் கிடையாது. குறியும் புத்தியும்தான். அதிலும் கடிகாரம் பார்த்து ஆட வேண்டும். நேரம் முடிந்தால் தொட்ட சிப்பாயை விட்டுவிட வேண்டும்.

இதற்கு முன்பும் போர் விளையாட்டு உண்டு. பிரஷ்ய நாட்டு ராணுவ அதிகாரிகள் 1824 முதல் வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் போர்ப் பயிற்சி செய்தார்கள். அது உத்தியோகப் பாடம். வெல்ஸ் செய்தது வீட்டுக்கூடத்து ஆட்டம். காசு கொடுத்துப் பொம்மை வாங்கும் எந்தக் குடும்பமும் ஆடலாம்.

1913-ல் இந்தச் சட்டங்களை எல்லாம் ‘சின்னப் போர்கள்’ என்ற புத்தகமாக அவர் வெளியிட்டார். பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையுள்ள பையன்கள் ஆடலாம் என்று துணைத்தலைப்பிலேயே குறும்பாகப் போட்டார்! புத்தகத்திலே ஒரு பொம்மைப் போரை வர்ணிக்கும்போது, மை படிந்த விரலுடைய எழுத்தாளர் மீசை முறுக்கிய, முகத்தில் வாள் தழும்புடைய தளபதியாக மாறுவதுபோல் தம்மையே கேலி செய்துகொண்டார். அவருக்கு அந்த ஆட்டத்தில் அவ்வளவு ஆனந்தம்.

கடைசிப் பக்கங்கள்

ஆனால் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சிரிப்பு மறைகிறது.

அவரோடு ராணுவ அதிகாரிகள் பலரும் ஆடியிருக்கிறார்கள். ஆடிய அத்தனை பேரும் எளிய சட்டங்களிலேயே சிக்கித் திண்டாடினார்கள் என்கிறார் வெல்ஸ். பொம்மைப் போரே இப்படிக் குழப்பமானால், லட்சக்கணக்கான மனிதர்களை வைத்து நடத்தும் நிஜப்போர் எப்படி இருக்கும்? யாருடைய புத்திக்கும் அடங்காத பெருங்குழப்பமாகத்தானே இருக்கும்? அவர் கேட்ட கேள்வி இதுதான்.

அவர் ஒரு யோசனையும் சொன்னார். போர் வெறி பிடித்த அரசர்களையும் தேசபக்தி தலைக்கேறியவர்களையும் ஒரே மண்டபத்தில் போட்டுப் பூட்டுங்கள். தரையில் தக்கை விரிப்புப் போடுங்கள். குட்டி மரம், குட்டி வீடு, கணக்கில்லாத ஈயச் சிப்பாய்கள் கொடுங்கள். அவர்கள் ஆசை தீர அடித்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் நிம்மதியாக வாழட்டும்!

ஈயச் சிப்பாய் விழுந்தால் பெட்டிக்குப் போவான். மறுநாள் மறுபடி எழுந்து நிற்பான். மனிதன் விழுந்தால் எழுவானா?

எழுதியதை மறந்தார்

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. அந்தப் போரின் குண்டுகள் செப்டம்பர் 22-ந் தேதி இரவு நம் சென்னையிலும் விழுந்தன. எம்டன் கப்பல் சுட்டதை அந்த நாள் தாத்தா, பாட்டிமார் கதை கதையாகச் சொன்னதுண்டு.

மண்டபத்தில் பூட்டச் சொன்ன வெல்ஸ் இப்போது போரை எதிர்த்திருக்க வேண்டுமல்லவா? இல்லை. அவர் போரை ஆதரித்தார்! ஜெர்மனியின் ராணுவ வெறி ஒழிந்தால் உலகில் இனிப் போரே இராது என்று நம்பினார். அந்த ஆண்டிலேயே கட்டுரைகள் எழுதி, ‘போரை ஒழிக்கும் போர்’ என்ற பெயரில் புத்தகமாக வெளியிட்டார். அந்தப் பெயர் ஊரெங்கும் பரவியது.

1916 ஜூலை 1-ந் தேதி பிரான்ஸில் சோம் நதிப் பக்கம் பெரும் தாக்குதல் நடந்தது. ஒரே நாளில் பிரிட்டிஷ் வீரர்கள் 19,240 பேர் மாண்டார்கள். எந்த நூலாலும் அளக்க முடியாத இழப்பு. அதே ஆண்டு வெல்ஸ் பிரான்ஸ், இத்தாலிப் போர்முனைகளுக்குப் போய்க் கண்ணால் பார்த்தார். 1918-ல் எதிரிநாட்டில் பிரசாரம் செய்யும் அரசாங்க இலாகாவில் சேர்ந்தார். சில மாதத்தில் ராஜினாமா செய்தார்.

போர் முடிந்தபோது 90 லட்சத்துக்கும் அதிகமான வீரர்கள் இறந்திருந்தார்கள். போர் மட்டும் ஒழியவில்லை.

நண்பர் போன வழி

பீரங்கியால் முதல் பொம்மையை வீழ்த்திய ஜெரோம் என்ன செய்தார்?

அவரும் போருக்குப் போக ஆசைப்பட்டார். வயதானவர் என்று பிரிட்டிஷ் ராணுவம் சேர்க்க மறுத்துவிட்டது. அவர் பிரெஞ்சு ராணுவத்திடம் போனார். 1916-ல், 57-ம் வயதில், அடிபட்டவர்களை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் வண்டியின் டிரைவர் ஆனார்! சேற்றிலும் இருட்டிலும் வண்டி ஓட்டினார். பின்னால் கிடந்தவர்கள் ஈயச் சிப்பாய்கள் அல்ல.

திரும்பி வந்தபோது பழைய உற்சாகம் அவரிடம் இல்லை. 1926-ல் வந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் மனம் கசந்து எழுதினார். போரை விளையாட்டு என்பவர்களை அங்கே அனுப்பி ஆடச் சொல்ல வேண்டும், அவர்களுடைய சின்னச் சட்டப் புத்தகம் அங்கே உதவாது என்றார். மறு ஆண்டு அவர் காலமானார்.

ரகசியம் வெளிவந்தது

வெல்ஸ் 1934-ல் சுயசரிதை எழுதினார். பிராம்லிக் குன்றில் தாம் நடத்திய ரகசியப் போர்களை அதில்தான் வெளியிட்டார். 1914 வரை பொம்மைச் சிப்பாய்களோடு ஆடியபோது கிடைத்த இன்பமும் அந்தப் பழைய கனவின் இன்பமே என்று ஒப்புக்கொண்டார்.

அதோடு நிற்கவில்லை. ஜெர்மனியில் அப்போது ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருந்தான். பதின்மூன்று வயதில் தாம் கண்ட கனவு உயிர்பெற்று வந்ததுபோல்தான் ஹிட்லர் இருக்கிறான் என்று எழுதினார். எதிரியிடம் இருக்கும் வெறியின் விதை தம் நெஞ்சிலும் இருந்தது என்று எத்தனை பேர் சொல்வார்கள்? அதைச் சொல்லத் தைரியம் வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் 1939-ல் வந்தது. லண்டன்மீது குண்டுமழை பொழிந்தபோது வெல்ஸ் ஊரைவிட்டு ஓடவில்லை. தம் வீட்டிலேயே இருந்தார். மனித உரிமைகளைப் பற்றி 1940-ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். போரால் வரப்போகும் அழிவை அவர் பல நாவல்களில் முன்கூட்டியே எழுதியவர். அணுகுண்டு என்ற பெயரையே 1914-ல் ஒரு நாவலில் எழுதியவர் அவர்தான். நான் அப்போதே எச்சரித்தேன், நீங்கள்தான் கேட்கவில்லை என்று தம் கல்லறையில் எழுத வேண்டும் என்று 1941-ல் கோபத்தோடு குறிப்பிட்டார்.

1945 ஆகஸ்ட் 6-ந் தேதி ஹிரோஷிமாவில் நிஜமான அணுகுண்டு விழுந்தது. 1946 ஆகஸ்ட் 13-ந் தேதி லண்டனில் வெல்ஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 79. கல்லறை எழுப்பவில்லை. உடலைத் தகனம் செய்து, சாம்பலைக் கடலில் தூவிவிட்டார்கள். அவர் கேட்ட வாசகத்தை எழுத ஒரு கல்கூட இல்லை.

ஆனால் அவருடைய ஆட்டம் சாகவில்லை. பொம்மைப் படைகளை வைத்து ஆடுகிறவர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘சின்னப் போர்கள்’ ஆதி நூல்.

உங்கள் வீட்டுப் பையனும் திண்ணையில் பொம்மைகளை வரிசையாக நிறுத்திச் சண்டை போடுகிறானா? அதட்டாதீர்கள். கொஞ்ச நேரம் நீங்களும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும் விழுந்த சிப்பாய்களை எல்லாம் அவன் கையாலேயே எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். இப்படி எழுந்து நிற்பவர்கள் பொம்மைகள் மட்டுமே என்பதையும் அப்போது சொல்லிக் கொடுங்கள்.